புதிய மாத்திரை வென்ற களமும் தோற்ற களமும்

"இனி மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம். கீரை தாராளமாகச் சாப்பிடலாம். அளவைக் கூட்டிக் குறைக்கும் தொல்லை இல்லை." ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்கு மாற்றப்படும் நோயாளிகள் பெரும்பாலும் கேட்பது இந்த மூன்றையும்தான். மூன்றும் வசதியைப் பற்றியவை. பக்கவாதம் எவ்வளவு குறைகிறது, மூளைக்குள் கசிவு கூடுகிறதா குறைகிறதா, நோயாளி பிழைத்திருக்கிறாரா என்ற கணக்கு இவற்றில் எங்குமே இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புதிய மாத்திரைகள் ஓரிடத்தில் தெளிவாக வெல்கின்றன, வேறோர் இடத்தில் தெளிவாகத் தோற்கின்றன. தோற்ற இடம் ஏழை நாடுகளின் இதய நோயாளிகள் நிற்கும் இடம். அதனால் இந்த மதிப்பீடு ஐரோப்பியருக்கு இருப்பதைவிட நமக்கு முக்கியமானது.

போட்டியில் ஒரு பக்கம் வார்ஃபரினும் அதன் நெருங்கிய உறவான அசெனோகூமராலும் நிற்கின்றன. இந்தியாவில் ‘அசிட்ரோம்’ என்ற பெயரில் பலர் வீட்டு அலமாரியில் இருப்பது இந்த இரண்டாவதுதான். மறுபக்கம் டேபிகேட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் என்ற நான்கு. பழையவை உடலுக்குள் வைட்டமின் கே மறுபடி மறுபடி பயன்படுவதைத் தடுக்கின்றன; அந்த வைட்டமினை நம்பிக் கல்லீரல் தயாரிக்கும் 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகள் இதனால் வலுவிழக்கின்றன. புதியவை இப்படிச் சுற்றி வளைப்பதில்லை. டேபிகேட்ரான் த்ராம்பினை நேராகப் பிடிக்கிறது. மற்ற மூன்றும் பத்தாம் காரணியைப் பிடிக்கின்றன.

வார்ஃபரினின் பிறப்புக் கதை அலுக்கும் அளவுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் குழு 1939-ல் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. நமக்கு வேண்டிய பகுதி அதற்குப் பிந்தியது. 1951-ல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் அந்த எலி மருந்தைத் தின்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1954-ல், வார்ஃபரின் மனிதருக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மலிவான, எங்கும் கிடைக்கிற முறிமருந்து ஒன்று அதற்குத் தொடக்கத்திலிருந்தே துணையாக இருந்தது. புதிய மாத்திரைகள் சந்தைக்கு வந்தபோது அவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை.

அதன் பலவீனமும் ஊரறிந்தது. ஒருவருக்கு இரண்டு மில்லிகிராம் போதும், இன்னொருவருக்குப் பத்து வேண்டியிருக்கும். மருந்தைச் சிதைக்கும் நொதியிலும், மருந்து போய் ஒட்டும் இலக்கிலும் ஆளுக்கு ஆள் மரபணு மாறுகிறது. நான்கு நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் போட்டாலும், வயிற்றுப்போக்குக்குக் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கி விழுங்கினாலும் மருந்தின் வேகம் ஏறிவிடும். எனவே ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை இல்லாமல் இந்த மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இந்த அளவுகோலைப் பொதுவாக்கியது. அதற்கு முன் ஒரே ரத்தத்துக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு விடை வந்துகொண்டிருந்தது. பெரும்பாலோருக்கு இந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். கீழே போனால் ரத்தக்கட்டி, மேலே போகப் போக ரத்தக்கசிவு. ஒரு நோயாளி இந்த எல்லைக்குள் எத்தனை விழுக்காடு நாள்கள் இருந்தார் என்பதுதான் வார்ஃபரின் சிகிச்சையின் தரத்தைக் காட்டும் எண். கீழே வரும் வாதங்களில் பாதி அந்த எண்ணைச் சுற்றியவை.

கீரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய மாத்திரை சாப்பிடுகிறவர் கீரையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்புவது தவறான ஆலோசனை. வைட்டமின் கே குறைவாக உண்கிறவருக்கு ஐ.என்.ஆர். இன்னும் அதிகமாகத் தள்ளாடும். முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். அதற்கேற்ப மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளலாம். மருந்தோடு ஒத்துப்போகும்படி சாப்பாட்டை மாற்றுவதைவிடச் சாப்பாட்டுக்கு ஏற்ப மருந்தை மாற்றுவது எளிது. கீரையைக் காட்டிப் புதிய மாத்திரைக்கு ஆள் சேர்ப்பது எனக்கு எப்போதும் மலிவான வாதமாகவே பட்டிருக்கிறது.

இத்தனை குறைகளோடும் வார்ஃபரின் சாதித்தது பெரிது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகிறது. பக்கவாத ஆபத்து இவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. 2007-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி வார்ஃபரின் இந்தப் பக்கவாதங்களில் 64 விழுக்காட்டைத் தடுத்தது. ஆஸ்பிரின் போன்றவை தடுத்தது ஐந்தில் ஒரு பங்குதான். இருதய மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் மாத்திரைகள் அதிகம் இல்லை. புதியவை வெல்ல வேண்டியது இப்படிப்பட்ட ஒரு மருந்தை.

2009-ல் வெளிவந்த ரீ-லை ஆய்வில் 18,113 பேர் இருந்தார்கள். டேபிகேட்ரான் 150 மில்லிகிராம் இருவேளை எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் வேறு உறுப்புகளில் ரத்தக்கட்டியும் ஆண்டுக்கு 1.11 விழுக்காடு, வார்ஃபரின்காரர்களுக்கு 1.69. 2011-ல் வந்த அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,201 பேர். அபிக்ஸபான் பக்கவாதத்தை 21 விழுக்காடும், பெரிய ரத்தக்கசிவை 31 விழுக்காடும், மரணத்தை 11 விழுக்காடும் குறைத்தது. அதே ஆண்டு ராக்கெட் ஆய்வில் ரிவராக்ஸபான் வார்ஃபரினுக்குச் சமமாக நின்றது, தாண்டவில்லை. 2013-ல் எடாக்ஸபானும் சமமாக நின்று, கசிவைக் குறைத்தது. நான்கு ஆய்வுகளையும் சேர்த்து 71,683 பேரைக் கணக்கிட்ட 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் பக்கவாதமும் ரத்தக்கட்டியும் 19 விழுக்காடும், மரணம் 10 விழுக்காடும் குறைந்திருந்தன. வயிற்றிலும் குடலிலும் கசிவு 25 விழுக்காடு கூடியிருந்தது.

விழுக்காடுகள் மயக்கக்கூடியவை என்பதால் ஆட்களாகவே சொல்கிறேன். அரிஸ்டாட்டிலில் ‘மரணம் 11 விழுக்காடு குறைவு’ என்பதன் பொருள், ஆண்டுக்கு நூற்றுக்கு 3.94 பேர் இறந்த இடத்தில் 3.52 பேர் இறந்தார்கள் என்பது. ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் நான்கு உயிர் மிஞ்சுகிறது. சிறிய லாபம்தான், ஆனாலும் உண்மையான லாபம்.

இந்தத் தொகுப்பில் எந்த ஐயத்துக்கும் அசையாமல் நிற்கும் முடிவு ஒன்று உண்டு: மூளைக்குள் ரத்தக்கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் நான்கு மருந்துகள், நான்கு வெவ்வேறு ஆய்வுகள், நோயாளிகளின் ஆபத்து நிலையும் வெவ்வேறு. எல்லாவற்றிலும் இது மட்டும் மாறவே இல்லை. உறைதல் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவருக்கு வரக்கூடியவற்றில் மிகக் கொடியது மூளைக்கசிவு. குடல்கசிவு வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் ஏற்றி, சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார்கள். மூளைக்கசிவு வந்தவர்களின் நிலை அப்படி இல்லை. குடலில் கூடியதையும் மூளையில் குறைந்ததையும் ஒரே எடையில் வைத்துக் கூட்டிக் கழிப்பது அறியாமை. புதிய மாத்திரைகளின் உண்மையான வெற்றி இதுதான். விற்பனைப் பிரதிநிதியின் கையேட்டில் இது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். அங்கே இருந்தது ‘பரிசோதனை வேண்டாம்’.

இந்த ஆய்வுகளை நம்பலாமா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ரீ-லையில் யார் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே இருந்தது. ராக்கெட்டில் வார்ஃபரின்காரர்கள் சரியான ஐ.என்.ஆர். எல்லைக்குள் இருந்தது சராசரியாக 55 விழுக்காடு நாள்கள்தான். எதிராளியின் ஒரு கையைக் கட்டிவிட்டு மல்லுக்கு நின்றதாக அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர், அந்த ஆய்வில் ஐ.என்.ஆர். பார்க்கப் பயன்பட்ட கையடக்கக் கருவியே சில நிலைகளில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பது வெளியாகி, கருவி சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கருவி குறைத்துக் காட்டினால் மருத்துவர் அளவைக் கூட்டுவார்; வார்ஃபரின் பக்கம் கசிவு கூடும்; புதிய மருந்து நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆய்வை நடத்தியவர்கள் மறு கணக்குப் போட்டு முடிவு மாறவில்லை என்றார்கள். மாறாமல் இருக்கலாம். ஆனால் நான்கில் ரிவராக்ஸபானின் சான்றுதான் மெலிந்தது என்ற என் கணிப்பை அந்த விளக்கம் மாற்றவில்லை.

டேபிகேட்ரான் விவகாரம் இன்னும் கசப்பானது. சிறுநீரகத்தின் வழியாக 80 விழுக்காடு வெளியேறும் மருந்து அது. வயதானவருக்குச் சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். ஒரே அளவு மாத்திரை சாப்பிட்ட இருவர் ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு வேறுபடும். ரத்த அளவைப் பார்த்து மாத்திரையைச் சரிசெய்தால் கசிவு குறையக்கூடும் என்று காட்டும் கணக்குகள் தயாரித்த நிறுவனத்திடமே இருந்தன என்பதையும், அவை கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு முழுமையாகத் தரப்படவில்லை என்பதையும் 2014-ல் பிரித்தானிய மருத்துவ இதழான பி.எம்.ஜே. வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 வழக்குகளை முடிக்க அந்நிறுவனம் 65 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ‘பரிசோதனை வேண்டாம்’ என்பது மருந்தின் இயல்பு மட்டும் இல்லை, விற்பனைத் தேவையும் கூட என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பின்னும், எதிராளி பலவீனமாக இருந்தார் என்ற குறை நம் ஊரில் திரும்பி நிற்கிறது. மேலைநாட்டு விமர்சகர் "வார்ஃபரினைச் சரியாகக் கண்காணித்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது" என்பார். சரி. ஆனால் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, ஐ.என்.ஆர். பார்த்து, முடிவை மறுநாள் வாங்கி, மருத்துவரிடம் காட்டி அளவு மாற்றுகிற மனிதருக்கு 55 விழுக்காடு என்பதே எட்டாத உயரம். ஆய்வில் குறை என்று சொல்லப்பட்டது நம்மிடம் அன்றாடம். எனவே வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரருக்குப் புதிய மாத்திரையின் லாபம் இங்கே கூடுவதற்கே வாய்ப்பு.

காலில் ஆழ்நாளத்தில் கட்டும் ரத்தத்துக்கும், அது நுரையீரலுக்குப் போய் அடைப்பதற்கும் தரும் சிகிச்சையைப் பற்றி அதிகம் வாதிட ஒன்றுமில்லை. 2013-ல் 5,395 பேரிடம் நடந்த ஆம்ப்ளிஃபை ஆய்வில் மறுபடி கட்டுவது இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய கசிவு அபிக்ஸபானில் 0.6 விழுக்காடு, பழைய முறையில் 1.8. வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டே வார்ஃபரின் ஏறும்வரை காத்திருக்கும் அந்த ஒரு வாரமும் மிச்சம். இங்கே புதியவை வென்றுவிட்டன, அவ்வளவுதான்.

தோல்விகள்தான் நின்று பார்க்க வேண்டியவை. முதலில் உலோக வால்வு. 2013-ல் வந்த ஒரு ஆய்வில் செயற்கை வால்வு பொருத்திய 252 பேருக்கு டேபிகேட்ரானையும் வார்ஃபரினையும் பிரித்துக் கொடுத்தார்கள். டேபிகேட்ரான் பக்கம் 5 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. கசிவும் டேபிகேட்ரானில்தான் அதிகம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். டேபிகேட்ரானின் குறை அது, அபிக்ஸபான் தாங்கும் என்று நம்பியவர்கள் பத்தாண்டு கழித்து 863 பேரிடம் அதையும் சோதித்தார்கள்; கட்டி உருவாவதில் ஆபத்து மிகக் குறைவு என்று கருதப்படும் ஒருவகைப் பெருந்தமனி வால்வு மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதுவும் நிறுத்தப்பட்டது. ரத்தக்கட்டி ஆண்டுக்கு 4.2 விழுக்காடு, வார்ஃபரினில் 1.3. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வை நெஞ்சில் சுமந்து வாழ்கிறவர்கள் தென்னிந்தியாவெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆயுள் முழுவதும் பழைய மாத்திரைதான். ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய் என்ற, ரத்தம் தானாகவே கட்டும் நோயின் கடுமையான வகையிலும் இதே கதை: 2018-ல் 120 பேரிடம் நடந்த ஆய்வில் ரிவராக்ஸபான் எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கு ரத்தக்கட்டியோ பெரிய கசிவோ மரணமோ நேர்ந்தது, வார்ஃபரினில் 3.

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது இன்விக்டஸ். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் வால்வைக் கெடுத்து, அதன்மேல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் வந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது. பணக்கார நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்ட நோய் என்பதால் முன்னர் நடந்த பெரிய ஆய்வுகள் எல்லாம் கடுமையான மைட்ரல் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களை வெளியே நிறுத்திவிட்டன. இன்விக்டஸில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளிலிருந்து 4,500-க்கும் மேற்பட்டோர். சராசரி வயது ஐம்பது. பத்துக்கு ஏழு பேர் பெண்கள். ரீ-லைக்குத் தலைமை தாங்கிய கனடாவின் ஸ்டூவர்ட் கானலியும், புதுதில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயனும் முன்னின்று நடத்தினார்கள். பணம் கொடுத்தது ரிவராக்ஸபான் தயாரிக்கும் பேயர் நிறுவனம். எனவே புதிய மருந்துக்கு எதிரான சதி என்று யாரும் சொல்ல இடமில்லை.

புதிய மாத்திரை குறைந்தது சமமாகவாவது நிற்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ரிவராக்ஸபான் பக்கம் 552 பேர் இறந்திருந்தார்கள். பழைய மருந்தின் பக்கம் 442. பக்கவாதமும் ரிவராக்ஸபானில்தான் அதிகம். பெரிய கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பழைய மருந்துக்காரர்களின் ஐ.என்.ஆர். அப்படியொன்றும் பிரமாதமாக இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: ஆய்வில் சேரும்போது மூவரில் ஒருவருக்குத்தான் எல்லைக்குள் இருந்தது, பிறகு அறுபது விழுக்காட்டுக்கு அக்கம்பக்கத்தில் நின்றது. அந்த அரைகுறைக் கண்காணிப்பே வென்றது.

ஏன் என்பதற்கு முழு விடை இல்லை. மரணத்தில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் திடீர் மரணத்திலும் இதயம் செயலிழந்த மரணத்திலும்தான். பக்கவாதத்தால் மட்டும் அதை விளக்கிவிட முடியாது. பழைய மருந்துக்காரர்கள் மாதந்தோறும் ஐ.என்.ஆர். பார்க்க வந்தார்கள். வந்தபோது மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் யார் கண்ணிலாவது பட்டிருக்கும், நீர் மாத்திரை கூட்டப்பட்டிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்; ஆய்வு இதை நிரூபிக்கவில்லை. ரிவராக்ஸபானை நடுவில் விட்டுவிட்டவர்கள் அதிகம் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. ஊகம் சரியோ தவறோ, வாதக்காய்ச்சல் வால்வு நோயில் புதிய மாத்திரையைத் தொடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு ஆய்வு போதும். அபிக்ஸபான் வேறாக இருக்கலாமே என்ற வாதம் உலோக வால்வில் ஒருமுறை சொல்லிப் பார்த்துத் தோற்றது. சான்று வரும்வரை அதை இங்கே ஏற்க முடியாது.

நெதர்லாந்திலிருந்து 2023-ல் வந்த ஃப்ரெய்ல் ஆய்வு வேறு ஒரு பாடம். சராசரி வயது 83, உடல் தளர்ந்தவர்கள், பழைய மருந்தில் நிலையாக ஓடிக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேரைப் புதியதற்கு மாற்றினார்கள். மாறியவர்களில் 15.3 விழுக்காட்டினருக்குக் கசிவு, மாறாதவர்களில் 9.4. அந்த நாட்டின் ரத்தக்கட்டிக் கண்காணிப்பு மையங்கள் ஒழுங்கானவை, அதை நம் நிலையோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஐ.என்.ஆர். சீராக இருக்கும் எண்பது வயதுப் பெரியவரை "புதுசு வந்திருக்கு, மாத்திடலாம்" என்று கலைக்காமல் விட இது போதுமான காரணம்.

‘பரிசோதனை வேண்டாம்’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். ஐ.என்.ஆர். வேண்டாம் என்பது சரி. கிரியேட்டினின் வேண்டும், ஹீமோகுளோபின் வேண்டும், எடை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வயதானவருக்கு அதைவிட அடிக்கடி. அபிக்ஸபானின் அளவைப் பாதியாக்க மூன்று நிபந்தனைகளில் இரண்டு பொருந்த வேண்டும்: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல். நம் ஊர் அம்மாக்களில் 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் ஏராளம். எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அரை அளவு எழுதப்பட்டால் கசிவு பயம் தீர்கிறது, பக்கவாதத் தடுப்பும் கூடவே போகிறது. ரிவராக்ஸபான் 20 மில்லிகிராமை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேர்வதே இல்லை. உணவோடுதான் சாப்பிட வேண்டும். டேபிகேட்ரான் கேப்சூலைத் திறந்து தூளாக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது; தினசரி டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்கிற நம் வழக்கம் அதற்கு ஆகாது.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இந்த வாதத்தில் தனி இடம் பெற வேண்டும். அது புதிய மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறக்கிவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயினும் கார்பமசெபினும் அப்படியே. பழைய மாத்திரையின் வேகத்தையும் ரிஃபாம்பிசின் அடியோடு குறைக்கும், ஆனால் ஐ.என்.ஆர். அதைக் காட்டிக்கொடுக்கும், அளவைக் கூட்டலாம். புதியதில் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. நோயாளி மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டுக்கொண்டே பக்கவாதத்தில் விழுவார். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் இது ஓரத்தில் எழுதி விட்டுவிடும் குறிப்பு அல்ல.

வேளை தவறுவதும் அப்படித்தான். வார்ஃபரின் ஒரு நாள் விட்டால் உடல் பொறுத்துக்கொள்ளும். புதியவை பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி வடிந்துவிடுகின்றன. மாதக் கடைசியில் காசில்லாமல் நான்கு நாள் வாங்காமல் விடுகிறவருக்குப் புதிய மாத்திரை பாதுகாப்பு அல்ல. முறிமருந்து விஷயத்தில் டேபிகேட்ரானுக்கு 2015-லும், அபிக்ஸபான், ரிவராக்ஸபானுக்கு 2018-லும் வெளிநாட்டில் அங்கீகாரம் கிடைத்தது; விலையைப் பார்த்தால் மாவட்ட மருத்துவமனையில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ரிவராக்ஸபானில் உதிரப்போக்கு கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்கிறவர்கள் குறைவு. சொல்லாததால் மாத்திரையை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். கருவுறத் திட்டமிடுகிறவருக்குப் பழையதும் ஆபத்து, புதியதும் கூடாது. ஊசிக்கு மாறுவது பற்றி முன்பே பேச வேண்டும்.

இரண்டுக்கும் பயந்து ஆஸ்பிரினில் ஒதுங்குவது மருத்துவரின் தப்பித்தல். 2011-ல் 5,599 பேரிடம் நடந்த அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் தர முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அபிக்ஸபானும் ஆஸ்பிரினும் தரப்பட்டன. பக்கவாதமும் ரத்தக்கட்டியும் 1.6-க்கு எதிராக 3.7 விழுக்காடு, பெரிய கசிவு 1.4-க்கு எதிராக 1.2. ஆஸ்பிரினும் கசியவைக்கிறது, பக்கவாதத்தையும் சரியாகத் தடுப்பதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ‘பாதுகாப்பாக’ ஆஸ்பிரின் மட்டும் எழுதிய சீட்டைப் பாதி சிகிச்சை என்றுகூடச் சொல்ல முடியாது.

விலையைப் பற்றி முன்பு இருந்த அளவு கவலை இப்போது இல்லை. காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பின் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது, ஐ.என்.ஆர். கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் சேர்த்தால் பலருக்குக் கணக்கு சமமாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வகையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2022-ல் தன் தேசியப் பட்டியலில் டேபிகேட்ரானைச் சேர்த்தது. நான்கில் சிறுநீரகத்தை மிக அதிகமாக நம்பியிருப்பதும், வயிற்றெரிச்சலால் அதிகம் கைவிடப்படுவதும், ஈரம் தாங்காததுமான ஒன்றைச் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் மண்டிக்கிடக்கும் ஈரப்பதமான நாட்டுக்குத் தேர்ந்தெடுத்தது எனக்குப் புரியவில்லை. முறிமருந்து இருக்கிறதே என்பது மட்டும் காரணமாக முடியாது.

அடுத்த வாக்குறுதியும் வரிசையில் நிற்கிறது. கசியவே விடாத மருந்து என்று எதிர்பார்க்கப்பட்ட அசுண்டெக்சியான், 2023-ல் அபிக்ஸபானோடு மோதிய பெரிய ஆய்வில் கசிவை உண்மையிலேயே குறைத்தது. பக்கவாதத்தை மூன்று மடங்குக்கு மேல் கூட்டியது. ஆய்வு நிறுத்தப்பட்டது.

என் தீர்ப்பு இது. வால்வு நோய் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும், கால்நாள, நுரையீரல் ரத்தக்கட்டிக்கும் புதிய மாத்திரையே முதல் தேர்வு. நான்கில் அபிக்ஸபானுக்கே முதலிடம், ஏனென்றால் பக்கவாதம், கசிவு, மரணம் மூன்றிலும் ஒரே ஆய்வில் வார்ஃபரினை வென்றது அது ஒன்றுதான். சிறுநீரகத்தை அது நம்புவதும் கால் பங்கு அளவுக்குத்தான். உலோக வால்வு, வாதக்காய்ச்சலால் வந்த மைட்ரல் சுருக்கம், கடுமையான ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய் ஆகியவற்றில் பழைய மாத்திரைதான், மாற்றுக் கருத்துக்கு இன்று இடமில்லை. இவர்களுக்காகவே ஐ.என்.ஆர். வசதியைத் தாலுகா மருத்துவமனை வரை கொண்டுபோக வேண்டும். புதியது வந்துவிட்டது என்று அந்த வசதியை நலிய விட்டால் அதன் விலையைப் பெரும்பாலும் ஐம்பது வயதுப் பெண்கள் கொடுப்பார்கள்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அசிட்ரோமிலிருந்து புதிய மாத்திரைக்கு மாற்றச் சொல்லிச் சீட்டு வந்தால், மாற்றுவதற்கு முன் எக்கோ எடுத்தார்களா, மைட்ரல் வால்வில் சுருக்கம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை பழைய மாத்திரையை நிறுத்தாதீர்கள்.